நாற்பதில் ஒரு குரல்

செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் சிவசுவாமி அரங்கம், 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட சண்முகானந்தா ஹால், மாட்டுங்காவின் பள்ளிக்கூட ஹால்கள், தாராவியில் சந்து முனையில் போட்ட பந்தல் என்று இடம் எதுவானாலும், பிள்ளைகள் வரிசை கட்டி நின்று சேர்ந்து பாடும் நிகழ்ச்சி முடிந்ததும் பெற்றோர் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: ‘அத்தனை பேர்ல உன் குரல் மட்டும் எனக்குத் தனியாக் கேட்டுது கண்ணா.’ சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்குக் கேட்கத்தான் கேட்டது. ஆனால் அந்தக் குரல் அவருடைய காதுக்கு வந்துசேர்ந்திருக்க முடியுமா என்று ஒலியியலைக் கேட்டால், அநேகமாக இல்லை என்றே பதில் வரும். நன்றாகப் பாடும் ஒரு குழுவில் தனிக் குரல் கேட்காது, கேட்கவும் கூடாது. அது கேட்டதாகத் தோன்றுவது கண்ணும் நினைவும் சேர்ந்து செய்யும் வேலை. உண்மையிலேயே ஒரு பிள்ளையின் குரல் தனித்துக் கேட்டதென்றால், பெரும்பாலும் அந்தப் பிள்ளை ஏதோ ஓர் இடத்தில் தவறியிருக்கிறது. பெற்றோரின் ஆசைக்கு எதிரான இந்த முடிவை அளவுகளை வைத்தே நிறுவ முடியும்.

முதலில் கணக்கு. ஒரே அளவு சத்தத்தில் பாடும் நாற்பது பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய ஒலி அலைகள் ஒன்றுக்கொன்று படிமானமாக எழுந்து தாழ்வதில்லை. ஒருவர் அலை மேலே போகும்போது இன்னொருவர் அலை கீழே இருக்கும். இப்படி முறையில்லாமல் கலக்கும் ஒலிகளில் ஆற்றல்தான் கூடும் என்பதை ராலே பிரபு 19ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். ஆற்றல் பத்து மடங்கானால் 10 டெசிபல் ஏறும். நாற்பது மடங்குக்கு 16 டெசிபல். மனிதக் காதுக்குப் பத்து டெசிபல் ஏற்றம் ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். ஆகவே நாற்பது பேர் சேர்ந்து பாடினால் ஒருவர் பாடுவதைப் போல மூன்று மடங்கு சத்தம்தான் கேட்கும், நாற்பது மடங்கு அல்ல. இதே கணக்கை ஒரு தாயின் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை மோசமாகிறது. அவருடைய மகளின் குரலுக்கு எதிரே மற்ற முப்பத்தொன்பது குரல்களும் சேர்ந்து நிற்கின்றன. மகளின் குரல் அந்தக் கூட்டத்தைவிடக் கிட்டத்தட்ட 16 டெசிபல் தாழ்வு. சீரான இரைச்சலுக்கு நடுவே பேசப்படும் வாக்கியத்தில் பாதியாவது பிடிபட வேண்டுமென்றால், நல்ல காது உள்ளவருக்கும் பேச்சு இரைச்சலைவிட ஐந்தாறு டெசிபலுக்கு மேல் தாழக் கூடாது. 16 என்பது அந்த எல்லைக்கு வெகு கீழே.

அதுவும் பேச்சுக்கான எல்லை. சேர்ந்திசையில் காதுக்கு இருக்கும் இடைஞ்சல் இன்னும் கூடுதல். இரைச்சலில் ஒரு குரலைப் பிரித்தெடுக்க மூளை வேற்றுமைகளைத் தேடுகிறது: சுருதி வேறா, தொடங்கிய நொடி வேறா, சொற்கள் வேறா, திசை வேறா என்று. ஆல்பர்ட் பிரெக்மன் 1990இல் வெளியிட்ட பெரிய நூல் முழுவதும் இதைப் பற்றியதுதான். ஒன்றாகத் தொடங்கி, ஒன்றாக ஏறி இறங்கி, ஒன்றாக முடியும் ஒலிகளை மூளை ஒரே பொருளிலிருந்து வருபவையாகக் கட்டிவிடுகிறது. சேர்ந்து பாடும் பயிற்சி என்பது அந்த வேற்றுமைகளை ஒவ்வொன்றாக அழிக்கும் பயிற்சி. ஒரே சுருதி, ஒரே சொல், ஒரே எடுப்பு, ஒரே மூச்சு. மேற்கத்திய நாலு பாகச் சேர்ந்திசையில் பாகத்துக்குப் பாகம் சுரமாவது மாறும். நம் ஊர்க் கூட்டுப்பாடல்கள் பெரும்பாலும் எல்லோரும் ஒரே மெட்டை ஒரே சுரத்தில் பாடுபவை. எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு வழியாகப் பல குரல் அடுக்குகளைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்த பிறகும், பள்ளி மேடைகளில் நிலைத்திருப்பது ஒற்றை மெட்டுதான். அதில் ஒரு பிள்ளையின் குரலில் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேற்சுரங்கள் அடுத்த பிள்ளையின் மேற்சுரங்கள் மீதே போய் விழுகின்றன. ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

குழந்தைக் குரலின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. பெரியவர்களில் ஆண் குரலும் பெண் குரலும் கேட்டவுடனே பிரிந்துவிடும். பருவ வயதுக்கு முன் பையன், பெண் இருவரின் குரல்வளையும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஒரே வகுப்புப் பிள்ளைகளின் தொண்டைக் குழாய் நீளத்திலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒருவர் குரலை இன்னாருடையது என்று அடையாளம் காட்டுவதில் முக்கியமானது, அவருடைய தொண்டையும் வாயும் எந்த அதிர்வெண்களைத் தூக்கிக் காட்டுகின்றன என்கிற வடிவம். அந்த வடிவம் மேற்சுரங்கள் விழும் இடங்களில் மட்டுமே காதுக்குத் தெரியும். 100 ஹெர்ட்ஸில் பேசும் ஆணின் குரலில் நூறு ஹெர்ட்ஸுக்கு ஒரு மேற்சுரம் உண்டு, வடிவம் நெருக்கமாகப் பதிவாகும். 400 ஹெர்ட்ஸில் பாடும் எட்டு வயதுப் பிள்ளையின் குரலில் 400, 800, 1,200 என்று தள்ளித் தள்ளித்தான் புள்ளிகள் விழும். இடையில் என்ன இருக்கிறதென்று காதுக்குத் தகவலே இல்லை. போதாக்குறைக்கு, வீட்டில் அந்தப் பிள்ளையை அடையாளம் காட்டும் இழுவையும் ராகமும் அவசரமும் பாட்டுக்குள் வந்ததும் மெட்டுக்கு அடங்கிவிடுகின்றன. தேர்ந்த பெரியவர்களிடமும் இதே அடக்கம் உண்டு. தாமஸ் ராசிங், யோஹான் சுந்த்பெர்க், ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம் மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஆண் பாடகர்கள் தனியாகப் பாடும்போது 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கூட்டிக்கொள்ளும் கணீர்த்தன்மையைக் குழுவில் பாடும்போது குறைத்துக்கொண்டது பதிவானது.

முன் வரிசையில் இடம் பிடித்தால் கேட்காதா என்று தோன்றலாம். முன்னே போனால் சத்தம் கூடும், விகிதம் மாறாது. மூன்று மீட்டர் தூரத்தில் நிற்கும் மகளுக்கும் அவளை இடித்துக்கொண்டு நிற்கும் தோழிக்கும் உங்கள் காதிலிருந்து தூரம் ஏறத்தாழ ஒன்றுதான். மகள் வரிசைக் கோடியில் உங்கள் பக்கமாக நின்றால் சிறு லாபம் உண்டு, அவ்வளவே. பின் வரிசைகளில் அதுவும் போய்விடும். அங்கே நேரடி ஒலியைவிடச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியே அதிகம், அது எந்தப் பிள்ளையிடமிருந்து கிளம்பியது என்கிற திசைச் சான்றே அழிந்துவிடுகிறது. ஒரு கூடத்தில் ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பதை 1890களில் முதன்முதலாக அளந்தவர் ஹார்வர்டின் வாலஸ் சபைன். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒலி எத்தனை வேகமாக அடங்குகிறது என்று பார்த்தார். மெத்தை செய்வதை மனித உடம்பும் துணியும் செய்யும். ஆண்டு விழாவுக்குத் திரண்டு வரும் பெற்றோர் கூட்டமே முழக்கத்தை உறிஞ்சிக்கொள்வதால், ஒத்திகையின்போது காலிக் கூடத்தில் குழம்பிக் கேட்ட சொற்கள் விழாவன்று தெளிவாகக் கேட்கும். ஆனால் தெளிவது மொத்தப் பாட்டு. நாற்பதுக்கு ஒன்று என்கிற விகிதத்தைப் பட்டுப்புடவைகளாலும் மாற்ற முடியாது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழுகிறது. விருந்துக் கூச்சலில் ஒருவர் பேச்சை மட்டும் பிடித்துக்கொள்ளும் திறன் மனிதனுக்கு இருக்கிறதே, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காலின் செரி 1953இலேயே அதை ஆராய்ந்தாரே என்று கேட்கலாம். பழகிய குரலுக்குச் சலுகை இருப்பதும் உண்மை. இங்க்ரிட் ஜான்ஸ்ரூட் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட காலம் மணவாழ்வு கண்டவர்களுக்கு இன்னொரு குரல் குறுக்கிடும்போதும் தம் துணையின் பேச்சு அந்நியர் பேச்சைவிட நன்றாகப் புரிந்தது. பெற்ற பிள்ளையின் குரலுக்கு இது இன்னும் பொருந்தாதா? பொருந்தும், ஆனால் அந்தச் சோதனைகளில் போட்டி ஒன்றிரண்டு குரல்களோடுதான், அவையும் வேறு சொற்களைப் பேசியவை. இந்தத் திறனின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இயற்கையின் நெரிசலான குடியிருப்புகளுக்குப் போக வேண்டும். அரச பென்குயின்களுக்குக் கூடு கிடையாது. ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு நடுவே குஞ்சு தன் தாய் தந்தையைக் குரலால்தான் கண்டுபிடிக்கிறது. தியரி ஓபன், பியர் ஷுவந்தான் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மற்றப் பறவைகளின் கூவலைவிட 6 டெசிபல் தாழ்வாக ஒலித்த பெற்றோர் குரலையும் குஞ்சுகள் கண்டுகொண்டன. உயிரே அதை நம்பியிருக்கும் பறவைக்கு எல்லை 6 டெசிபல். நாற்பது பேர் பாடும் மேடைக்கு முன்னால் அந்தக் குஞ்சை உட்கார வைத்தாலும் 16 டெசிபல் தாழ்வுக்கு அது கைவிரிக்கும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் டெக்சாஸ் குகைகளில் லட்சக்கணக்கில் அடையும் வெளவால்களில் தாய் பெரும்பாலும் தன் குட்டியையே தேடிப் பிடித்துப் பாலூட்டுகிறது. பென்குயினிலும் வெளவாலிலும் அடையாளம் சாத்தியமாவதற்குக் காரணம், ஒவ்வொன்றின் அழைப்பும் மற்றதிலிருந்து மாறுபட்டிருப்பதுதான். பரிணாமம் அங்கே குரல்களை வேறுபடுத்தி வைத்தது. பாட்டு டீச்சர் இங்கே மாதக் கணக்கில் உழைத்து அந்த வேறுபாட்டை அகற்றியிருக்கிறார்.

அப்படியானால் ‘எனக்குக் கேட்டது’ என்பதற்கு என்ன விளக்கம்? 1954இல் வில்லியம் சம்பி, இர்வின் பொலாக் இருவரும், இரைச்சலில் பேசுபவரின் உதட்டைப் பார்ப்பதால் கிடைக்கும் உதவி 15 டெசிபல் வரை சத்தத்தைக் கூட்டியதற்குச் சமம் என்று அளந்தார்கள். 16 டெசிபல் பள்ளத்தைக் கிட்டத்தட்ட நிரப்பக்கூடிய அளவு இது. கண்ணின் துணையால் தாய்க்கு மகளின் குரல் கேட்டுவிடுகிறது என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். ஆனால் உதடு உதவுவது, கேட்கும் ஒலிகளில் ஒன்று மட்டும் அந்த உதட்டோடு பொருந்தும்போது. சேர்ந்திசையில் நாற்பது உதடுகளும் ஒரே ஒலியோடு பொருந்துகின்றன. எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் வரும் பாட்டு அந்த வாயிலிருந்தே வருவதாக மூளை முடிவு செய்ய எல்லாச் சான்றும் இருக்கிறது. பொம்மையை மடியில் வைத்துப் பேசும் கலைஞன் நம்பியிருப்பதும் இந்தப் பிணைப்பைத்தான். உதட்டசைவைப் பார்ப்பதாலேயே கேட்கும் எழுத்து வேறாகிவிடும் என்பதை ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் 1976இல் காட்டினார்கள். ஆகவே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தந்தைக்குத் தன் மகன் பாடுவதாகவும், அவருக்கு அடுத்த இருக்கைக்காரருக்குத் தன் மகள் பாடுவதாகவும் ஒரே ஒலி ஒரே நேரத்தில் கேட்கிறது. இருவரும் கேட்டது நாற்பது பேரின் பாட்டு, இருவரும் அதை ஆளுக்கொரு முகத்தின்மேல் எழுதிக்கொண்டார்கள். சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. பிள்ளையின் முகத்துக்கு ஜூம் செய்து மொபைலில் எடுத்த வீடியோவை ஓட விட்டால் குரல் தெளிவாகக் கேட்கும். அதே வீடியோவைத் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓட விட்டால் பாட்டு இருக்கும், பிள்ளை இருக்காது.

குரல் மெய்யாகவே தனித்துக் கேட்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. எடுக்க வேண்டிய கணத்துக்கு அரை நொடி முன்னதாகப் பாட்டை எடுத்துவிடும் பிள்ளையின் குரலுக்கு அந்த அரை நொடியில் போட்டியே கிடையாது. எல்லோரும் நிறுத்திய பிறகு இழுக்கும் பிள்ளைக்கும் அப்படியே. மூன்றாம் சரணத்தின் வரியை இரண்டாம் சரணத்தில் பாடிவிட்டால் சொல் காட்டிக்கொடுக்கும், சுருதி வெகுதூரம் விலகினால் மேற்சுரங்கள் காட்டிக்கொடுக்கும். கத்துவதும் ஒரு வழி. மற்றவர்களைவிட 10 டெசிபல் உயர்த்தி, அதாவது பத்து மடங்கு ஆற்றலைக் கொட்டிப் பாடினால் 16 டெசிபல் தாழ்வு ஆறாகக் குறைந்து பென்குயின் எல்லையைத் தொட்டுவிடலாம். தன் குரல் தனக்கே கேட்காதபோது மனிதர் தாமாகவே குரலை உயர்த்துவார்கள் என்று எத்தியன் லொம்பார்ட் 1911இல் விவரித்தார். பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்றும் அங்கே பகலில் 50 டெசிபலைத் தாண்டக் கூடாதென்றும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆனால் தாராவியின் 90 அடி சாலையை ஒட்டிய வகுப்பறையில் ஆட்டோ ஹாரனுக்கும் பட்டறைச் சத்தத்துக்கும் மேல் பாட வேண்டிய பிள்ளை கத்துவது அதன் குற்றமல்ல. ‘கத்தாதே, பாடு’ என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான். இந்தத் தவறுகளின் பட்டியலைத் திருப்பிப் படித்தால் முடிவு வந்துவிடுகிறது: நேரத்தில் எடுத்து, சொல் பிசகாமல், சுருதி விலகாமல், பக்கத்துப் பிள்ளையின் அளவுக்குப் பாடும் பிள்ளை கேட்கவே கேட்காது.

இதைக் கேட்டுக் கோபப்படுபவர்களிடம் நியாயம் இருக்கிறது. பிள்ளையின் குரலை அழிப்பதுதான் நோக்கமென்றால் அதற்கு எதற்குப் பயிற்சி, எதற்கு மேடை என்பார்கள். தாராவி இளைஞர்களே வேறு வழி காட்டியிருக்கிறார்கள். 2018இல் வந்த ‘காலா’ படத்தில் பாடிய டோப்பேடெலிக்ஸ் போன்ற குழுக்களை வளர்த்தெடுத்த ராப் மரபில் ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் தொடங்குகிறார். காது பிரிக்க முடியாததை நேரம் பிரித்துக் கொடுக்கிறது. ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தால் நாற்பது பிள்ளைகளுக்கு எண்பது நிமிடம், ஒரு மாலைப் பொழுதில் முடிகிற காரியம்தான். ஆனால் குரல் அழிந்தது கேட்பவருக்கு மட்டுமே என்பதை இந்த மறுப்பு கவனிக்கவில்லை. பாடுபவருக்குத் தன் குரல் எலும்பின் வழியாகவும் வந்து சேர்கிறது, வாய்க்கும் காதுக்கும் இடையே ஒரு சாண்தான் தூரம். டெர்ன்ஸ்ட்ரோம் 1999இல் வெளியிட்ட அளவீட்டில், சேர்ந்திசைப் பாடகர்கள் தங்கள் குரல் மற்றவர்களின் ஒலியைவிடச் சராசரியாக 6 டெசிபல் அளவுக்கு மேலே கேட்பதையே விரும்பினார்கள். பார்வையாளருக்குக் கூட்டத்தில் கரைந்துபோன பிள்ளை தன் காதில் கரையவில்லை. தன்னையும் கேட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரையும் கேட்டு, இரண்டையும் ஒட்டவைக்கும் வேலை அதற்கு இருக்கிறது.

அந்த வேலைக்குக் கூலியும் உண்டு. செபாஸ்டியன் கிர்ஷ்னர், மைக்கேல் தொமசெல்லோ இருவரும் ஜெர்மனியில் நான்கு வயதுப் பிள்ளைகள் 96 பேரை இருவர் இருவராக விளையாட விட்டார்கள். சில ஜோடிகள் சேர்ந்து பாடி ஆடி விளையாடின, மற்றவை பாட்டில்லாமல் அதே விளையாட்டை விளையாடின. பிறகு ஒரு பிள்ளையின் கோலிக்குண்டுகள் சிதறும்படி செய்தபோது, சேர்ந்து பாடியவர்களே அதிகம் உதவிக்கு ஓடினார்கள். ஆய்வு வெளிவந்த ஆண்டு 2010. ஸ்வீடனில் பியோர்ன் விக்ஹோஃப் குழுவினர் 2013இல் காட்டியது உடம்புக்குள் நடப்பதை: ஒரே பாட்டைப் பாடும் இளையோரின் மூச்சு ஒன்றுபடுகிறது, மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கும் இதயத் துடிப்பும் அதனால் ஒன்றுபடுகிறது. இவற்றை மிகைப்படுத்தவும் கூடாது. எய்லுனெட் பியர்ஸ் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில் பாட்டு வகுப்புக்காரர்கள் கைவினை, எழுத்து வகுப்புக்காரர்களைவிட முதல் மாதத்தில் சீக்கிரம் நெருங்கினார்கள். ஏழாம் மாத முடிவில் எல்லா வகுப்புக்காரர்களும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்துக்கு வந்துவிட்டார்கள். சேர்ந்து பாடுவது வேறெதனாலும் முடியாத அதிசயம் ஒன்றைச் செய்வதில்லை, வழியைச் சுருக்குகிறது. வெவ்வேறு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காரும் மும்பைக்கு அந்தச் சுருக்குவழி சிறிய விஷயமல்ல.

மிஞ்சுவது ஒரு குறை, அதை மறுக்க முடியாது. குரல் கேட்காத மேடையில் பாடாத பிள்ளையும் தப்பிவிடும். கூச்சப்பட்டு உதட்டை மட்டும் அசைக்கும் பிள்ளையையும் கச்சிதமாகப் பாடும் பிள்ளையையும் பார்வையாளரால் பிரிக்க முடியாது, நாற்பது பேரை ஒன்றாகக் கேட்கும் டீச்சராலும் முடியாது. அதற்கும் தொடக்கத்தில் போட்ட கணக்கே வழி சொல்கிறது. ஐந்து பேர் பாடினால் ஒருவருக்கு எதிரே நான்கு குரல்கள், தாழ்வு 6 டெசிபல், பென்குயின் குஞ்சும் சமாளிக்கும் அளவு. ஒத்திகையில் நாற்பது பேரையும் ஐந்து ஐந்தாக நிறுத்தி ஒரு சுற்று பாட வைத்தால் ஒவ்வொரு குரலும் டீச்சர் காதுக்கு எட்டும், யார் திணறுகிறார்கள், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். தனிக் குரலைக் கேட்க வேண்டிய இடம் அந்த ஒத்திகை. பிள்ளையின் குரலைக் கேட்டே ஆக வேண்டும் என்கிற பெற்றோர் ஐந்து ஐந்தாகப் பாடும் அந்த நாளில் உட்கார அனுமதி கேட்கலாம், அல்லது வீட்டில் பாடச் சொல்லிக் கேட்கலாம். விழா மேடையில் கேட்க வேண்டியது வேறு: எடுப்பு ஒன்றாக விழுந்ததா, வரி முடிவில் அத்தனை பேரும் ஒரே கணத்தில் நிறுத்தினார்களா, சொற்கள் தெளிவாக வந்தனவா? இவை மூன்றும் சரியாக இருந்தால் உங்கள் பிள்ளை நன்றாகப் பாடியது என்பதற்கு மேடையில் அதைவிட நம்பகமான சான்று கிடையாது.